ஒல்லாந்தரும் பாலத்து வீரனும்

ஜெர்சி சிட்டியில் அந்தக் காலத்தில் குடியிருந்த தமிழர்களிலேயே, சாம்பார் கிளறும்போதும் ரோமானியத் தளபதி மாதிரி நின்றவர் ஒருவர்தான். ஒரு கால் முன்னே, இடுப்பில் ஒரு கை, மறு கையில் கரண்டி, தோளில் ஈரத்துண்டு. எங்கள் அறைத்தோழர். நாங்கள் வைத்த பெயர் ஒல்லாந்தர்.

காரணம், நானூறு வருடங்களுக்கு முன் ஒல்லாந்து தேசத்தார் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழங்கால ரோமானிய வீரர் படங்கள்மேல் அவருக்கிருந்த பித்து. ஞாயிறானால் ரயிலேறி மன்ஹாட்டன் மியூசியத்துக்குப் போய்விடுவார். ஒருமுறை படத்துக்கு எதிரே அதே மாதிரி நின்று காட்ட, காவலாளி வந்து கையை இறக்கச் சொன்னார். அந்த வீரர்களில் ஒருவனின் போஸ்டரை வாங்கிவந்து ஹாலில் சாமி காலண்டருக்குப் பக்கத்திலேயே மாட்டினார். மீசையும் வாளுமாக நின்றவனைப் பார்த்த ஓர் ஆன்ட்டி, “யாரோட குலதெய்வம்ப்பா?” என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது எனக்கு ப்ராஜெக்ட் இல்லை. அடுத்த இன்டர்வியூவும் போனால் ஊருக்கு டிக்கெட்தான் என்று கன்சல்டிங் கம்பெனி சொல்லிவிட்டது. என் ரெசுமேயை ஊதிப் பெருக்கியதும் அவர்களே. அதன்படி அமெரிக்க வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் என் தோளில்தான் நின்றன. இன்டர்வியூ அன்று காலை அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஒல்லாந்தர் விட்டால்தானே.

“அதை வைடா. இவன் தொடையைப் பாரு. அதுக்கே தனி பின்கோடு வேணும். இப்ப காலுக்குப் பின்னாடி பாரு. தூரத்துல குட்டியா ஒருத்தன் பாலத்துல சண்டை போடறான் இல்ல? அதுவும் இவன்தான். முன்னாடி இருக்கறது சும்மா பாடி. செஞ்ச வேலை அங்க இருக்கு.”

“ட்ரெயினுக்கு டைம் ஆச்சு, விடுய்யா.”

இன்டர்வியூவில் மேனேஜர் முதல் கேள்வி கேட்டதும் படித்தது அத்தனையும் பறந்துபோனது. மண்டையில் மிச்சமிருந்தது தொடையும் பாலமும்தான். வேறு வழியில்லாமல் குட்டி ஆளைப் பிடித்துக்கொண்டேன். கோயம்புத்தூர் மில் ஒன்றில் தீபாவளிக்கு முதல் நாள் சம்பள ப்ரோக்ராம் படுத்துக்கொண்டதையும், போனஸ் போடுவதற்குள் அதை எழுப்பியதையும் சொன்னேன். நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது. அவர் ரெசுமேயை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி எழுப்பினாய் என்று கேட்டார்.

வேலை கிடைத்தது. அப்பாடா என்று ரயிலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஒல்லாந்தர் அடுப்பிலிருந்து திரும்பக்கூட இல்லை. “சரி, அப்பளம் பொரிக்கட்டுமா?” என்றார்.

பிறகு அவர் வேலை மாறிப் பிளானோ என்ற ஊருக்குப் போனபோது போஸ்டரை எனக்கு விட்டுப்போனார். இன்றும் எங்கள் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் முன்னால் நிற்கும் பயில்வானைப் பார்க்கிறார்கள். நான் பாலத்தில் ஒற்றையாக நிற்கும் அந்தக் குட்டி ஆளைப் பார்க்கிறேன். உற்றுப் பார்த்தால் தோளில் ஈரத்துண்டு இருக்கிறது.