ஒண்ணே ஒண்ணு காட்டு, ராசா

மிஷின் மறுபடியும் பூஜ்யம் என்றது.

லேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

தையல் மிஷின் மூடி அளவுள்ள பெட்டி அது. ஒரு சின்னக் குழாய் ரத்தம் கொடுத்தால் போதும், அதில் புற்றுநோய்ச் செல்கள் சுற்றுகின்றனவா என்று டீ குடித்துவிட்டு வருவதற்குள் சொல்லிவிடும். சொன்னால் இந்தச் சின்ன கிளினிக்கிலேயே இருக்கும். சொல்லாவிட்டால் சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

நோயாளியின் ரத்தத்தைத் தொடுமுன் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. நல்ல ரத்தத்தில் வேண்டுமென்றே புற்றுநோய்ச் செல்களைக் கலந்து கொடுப்பார்கள். கண்டுபிடித்தால் பாஸ். அதில்தான் மிஷின் ஐயா இரண்டு தடவை ஃபெயில்.

"செல்லைக் கலந்தியாம்மா?"

"கலந்தேன் சார். குழந்தையைத் தூக்குற மாதிரி மெதுவாத் திருப்பித் திருப்பிக் கலந்தேன்" என்றாள் நர்ஸ். வார்டிலிருந்து லேபுக்கு மாறி வந்த முதல் நாள் அவளுக்கு.

கதவிடுக்கில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பஸ் ஓட்டும் அக்கா. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த யூனிஃபார்ம்.

"என்ன தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

"இருக்கிறதையே பார்க்க மாட்டேங்குது அக்கா. இது சரியாகலேன்னா நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ரிசல்ட்டுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கணும்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "ஊசியைக்கூடத் தாங்கிட்டேன் தம்பி. போன தடவை அந்தக் காத்திருப்புலதான் பாதி உசிரு போச்சு."

லேப்காரர் மிஷின் பக்கம் திரும்பினார். மிஷினை அணைத்துப் போட்டார். அது யாருக்கும் புரியாத பாஷையில் பேச ஆரம்பித்தது. பொத்தான்களைக் குத்திக் குத்திப் பாஷையை மீட்டார். ஃபில்டரை மாற்றினார். நர்ஸின் செருப்பில் தண்ணீர் ஒழுகியது. ஸ்டாண்டில் முதலாவதாக இருந்த அதே குழாயிலிருந்து மூன்றாவது தடவை ரத்தம் விட்டார். மூவரும் திரையை முறைத்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு காட்டு, ராசா!" என்று கெஞ்சினாள் அக்கா. "நல்ல பிள்ளை இல்ல? ஒரே ஒரு கேன்சர்!"

பூஜ்யம்.

அக்கா பெட்டியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த நேரம் பார்த்தா டாக்டரம்மா உள்ளே வர வேண்டும்?

"ஏன்மா மிஷினை அடிக்கிறீங்க?"

"எங்க டிப்போவுல எல்லாம் இதுக்குத்தான் கேக்கும் டாக்டர்!"

கம்பெனி இன்ஜினீயர் போனில் யோசனை சொன்னார். "புது பாட்டில் செல்லைத் திறந்து, உங்க ரத்தத்துலயே நீங்களே கலந்து பாருங்க சார்."

காலமெல்லாம் ஊரார் ரத்தத்தில் புழங்கிய மனிதர், தன் ரத்தம் குழாயில் ஏறுவதைக் கண்டதும் நாற்காலியோடு சாய்ந்தார். அக்காதான் யூனிஃபார்மால் விசிறி எழுப்பினாள். எழுந்தவர் தானே கலந்தார், தானே விட்டார். மிஷின் கூவியது. திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக மினுங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். புற்றுநோயைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள்.

"அப்போ மிஷின்மேல தப்பில்லை. நீதான் சரியாக் கலக்கலை" என்றார் லேப்காரர் நர்ஸைப் பார்த்து.

"கலந்தேன் சார்!" அவள் கண் கலங்கியது.

"சரி விடு, முதல் நாள்தானே. அக்கா, இப்போ உங்க ரத்தம்."

கைதட்டிக்கொண்டிருந்த அக்கா யூனிஃபார்மை மார்போடு அணைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்தார். பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று லேபில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுவதில்லை; முதலில் பரீட்சைக் குழாய், அடுத்தது நோயாளியுடையது என்று வரிசைதான் கணக்கு. ஸ்டாண்டில் இரண்டாவதாக இருந்த குழாயை லேப்காரர் எடுத்தார்.

நர்ஸ் பதறி அவர் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, அது நான் செல் கலந்து வெச்சது சார்! எங்க வார்டுல எப்பவும் பேஷண்ட்தான் முதல்ல. காலையிலேருந்து நீங்க மூணு தடவை ஓட்டினது அக்காவோட ரத்தத்தைத்தானே?"