காபித் திருடன்

“இன்னொரு தடவை சொல்றேன் அத்தை. நீங்க காவல்காரச் செல். எதிரி யாருன்னு காட்டி, வீரர்களைத் தூண்டிவிடணும். அவ்வளவுதான்!”

மாமியாரிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள் மருமகள். உடம்பின் படைவீரச் செல்களை அடக்கிவைக்கும் ஒரு செல்தான் அவளுடைய ஆராய்ச்சி. அது இல்லாவிட்டால் வீரர்கள் நம் மூட்டுகளையும் தோலையுமே தாக்குவார்கள். நாளைக் காலை கமிட்டிக்கு அதைப் புரியவைக்காவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. “முதல்ல உங்க வீட்டுல நடிச்சுக் காட்டிப் பாரு” என்றார் பேராசிரியர். பாவம், அவருக்கு இந்த வீட்டைத் தெரியாது.

கணவனும் மாமனாரும் வீரர்கள். ஊட்டத்துக்கு ஆளுக்கொரு தம்ளர் காபி. அடக்கும் செல் அவளேதான். கொழுந்தனுக்கு வேடமில்லை; ஓரமாக நின்றான். அடுத்தவர் காபியைக் குடிப்பதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லை என்று வீடே அவனுக்குக் ‘காபித் திருடன்’ என்று பேர் வைத்திருந்தது.

கிருமியாக மேஜைமேல் ஒரு தலையணை. மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாமனாரின் ஆட்டம் கண்ட நாற்காலியைக் காட்டினார்.

“அதோ! மூட்டைப்பூச்சி மூட்டை. தூக்கி வெளிய எறிடா!”

கணவன் இழுத்தான். மாமனார் ஓடிப்போய் அதில் உட்கார்ந்துகொண்டார். “தொட்டுப் பாருடா பாக்கலாம்!”

“ஐயோ, அது எதிரி இல்ல அத்தை, நம்ம உடம்பு!”

“அப்போ நான்தான் எதிரியா?” மாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“எங்கம்மாவை அழவச்சிட்டியே!” என்றான் கணவன்.

“நிறுத்துங்க!” என்று கத்தினாள் மருமகள்.

“யாரைப் பாத்துக் கத்தற?” மூவரும் ஒற்றுமையாக அவள்மேல் பாய்ந்தார்கள்.

தொண்டை வறண்டு கணவன் தம்ளரை எடுத்தான். காலி. மாமனாருடையதும் காலி. “அடுத்தது அந்த அலமாரி...” என்று விரல் நீட்டிய மாமியார் மேஜையைத் தடவினார். “என் கண்ணாடி எங்கடா? மறுபடியும் காணோமே!”

மாமனார் கொட்டாவி விட்டார். கணவன் கண்ணாடியைத் தேட அம்மாவோடு உள்ளே போனான்.

மருமகள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். “அந்த அடக்கற செல் கத்தாது, அடிக்காது. வீரர்களோட ஊட்டத்தைத் தானே உறிஞ்சிடும். காவல்காரன் எதை வச்சுத் தூண்டிவிடறானோ, அதை உருவிடும். இதை நாளைக்கு எப்படித்தான் புரியவைப்பேன்?”

கொழுந்தன் மீசையிலிருந்த காபி நுரையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

“மெதுவாப் பேசுங்க அண்ணி. இந்த வீடு இத்தனை வருஷமா ரெண்டாகாம எப்படி இருக்குன்னு நினைச்சீங்க?”