ஜப்பான் அண்ணை கட்டின பூ

ஜப்பான் அண்ணையைப் போல ஒரு விசர் மனுசனை இந்த ரொறன்ரோ கண்டதுமில்லை, இனிக் காணப்போறதுமில்லை.

ஆள் ஜப்பானுக்குப் போனதில்லை. பக்கத்து ஊர் ஸ்ரௌவ்விலுக்கே ஒருக்காத்தான் போனவர். அதுவும் வழி தவறி.

மார்க்கம் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் எங்களுக்கு வேலை. ஸ்காபரோவில் இருந்து அவருடைய வான் வண்டியில்தான் போவோம். நான், ரூபன், மணியண்ணை. ஏறினால் பாட்டு. கொரியாப் பெட்டைகள் ஐந்து பேர் ஜப்பான் பாஷையில் பாடுகிற பாட்டு. டாஷ்போர்டில் பிள்ளையார். பக்கத்தில் அந்த ஐந்து பேருடைய படம். விபூதி ஆறு பேருக்கும்.

"அண்ணை, ஒரு தமிழ்ப் பாட்டுப் போட்டா வான் ஓடாதோ?" என்பான் ரூபன்.

"உனக்கென்ன விளங்கும்? கொரியனிலை பாடுறது அதுகளுக்கு வீட்டுச் சோறு. அடுத்தவன்ரை ஊருக்குப் போய், அவன்ரை பாஷையிலை பாடி, அவன்ரை லிஸ்டிலை ஏறுதுகள் பார். அதுதான்ரா பாட்டு."

போன அல்பம் ஜப்பான் விற்பனை லிஸ்டில் முதலாம் இடம் வந்த அன்று வெயர்ஹவுஸ் முழுக்க ரோல்ஸ் கொடுத்தார். மகள் பிறந்ததாக்கும் என்று மனேஜர் கைகொடுத்தார்.

பிறகு எங்கள் சுப்பவைசர் வேலையை விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒன்று ஜப்பான் அண்ணை. மற்றவன், ஒண்டுக்குப் போனாலும் மணிக்கூடு பார்க்கிற ஆள். தான் வந்தால் இடுப்பு ஏலாத மணியண்ணையை வேலையை விட்டு அனுப்பப்போறன் என்று முன்னமே சொல்லிவிட்டான்.

ஜப்பான் அண்ணைக்கு வேலை முழுக்கத் தெரியும். ஆனால் இன்ரவியூ இங்கிலீஷில். மனேஜருக்கு முன்னால் "யெஸ் சேர்" தவிர ஒன்றும் வராது.

"பூக்கட்டிப் பாப்பம்," என்றார்.

வெள்ளைப் பூவும் சிவத்தப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமிக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் ஓம், சிவப்பு என்றால் இல்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

"கோயில் வேண்டாம். பெட்டையளின்ரை புது ஜப்பான் அல்பம் வருது. இன்ரவியூ அண்டைக்குக் காலமை லிஸ்ட் வரும். முதலாம் இடமெண்டா உள்ளை போறன். இல்லாட்டி இல்லை."

"உனக்கு விசரோடா? என்ரை சோத்தை ஜப்பானிலையோ வைக்கிறாய்?" மணியண்ணை கத்தினார்.

ஜப்பான் அண்ணை சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து எங்களுக்கும் அந்தப் பாட்டுப் பிடித்துவிட்டது. லஞ்ச் ரூமிலும் ரூபன் அதையே போட்டான். மணியண்ணை கோயிலில் ஐந்து பெட்டைகளுக்கும் அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டாராம்.

"எல்லாருக்கும் என்ரை நட்சத்திரத்தையே போடுங்கோ ஐயா."

"இஞ்சை பாட்டுக் கேட்டா அங்கை லிஸ்டிலை எண்ணுவாங்களோ அண்ணை?" என்று ரூபன் என்னைக் கேட்டான்.

"எண்ணாட்டியும் கேள்," என்றேன்.

அந்தக் காலமை ஸ்னோ கொட்டியது. வான் ஊர்ந்தது. பாட்டு இல்லை. வைப்பர் சத்தம் மட்டும். போன் ரூபன் கையில்.

"வந்திட்டுதோ?"

"சுத்துது அண்ணை."

வெயர்ஹவுஸ் வாசலில் வான் நின்றது.

"இப்ப?"

"வந்திட்டுது." ரூபன் போனைத் திருப்பிக் காட்டினான். "ரண்டாவது."

மணியண்ணை இடுப்பைப் பிடித்தார். ஜப்பான் அண்ணை எஞ்சினை நிறுத்தினார்.

"சரி. சாமி சொல்லிப்போட்டுது."

நான் கதைக்கிற ஆளில்லை. அன்றைக்கு வாய் வந்தது.

"முதலாவது ஆரடா ரூபன்?"

"அந்த ஊர்ப் பெடியள்."

"அண்ணை, அவங்கள் பிறந்ததும் அங்கை, பேசுறதும் அந்தப் பாஷை. கொரியாவிலை இருந்து வந்த வந்தான் வரத்தான் அவங்களுக்கு அடுத்ததா வந்து நிக்குது. இதுக்கு மேலை உங்களுக்கு என்ன பூ வேணும்?"

ஜப்பான் அண்ணை அந்த ஐந்து பேருடைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த விபூதியில் கொஞ்சம் தொட்டுத் தன் நெற்றியில் பூசினார். இறங்கினார். ஜக்கெட் பூட்டாமலே நடந்தார்.

இன்ரவியூ அறைக்குக் கண்ணாடிச் சுவர். பெட்டி இறக்கிக்கொண்டே பார்த்தோம். அவருடைய வாய் அசைந்தது. நிறைய அசைந்தது.

வேலை கிடைத்தது. முதல் வேலையாக மணியண்ணைக்குக் கதிரையில் இருந்து செய்கிற வேலை கொடுத்தார். பிறகு ஜப்பான் அண்ணையை வேறு பெரிய வெயர்ஹவுஸுக்குத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது ரூபன்தான் வான் ஓட்டுகிறான். போன கிழமை ஆசைக்குத் தமிழ்ப் பாட்டுப் போட்டான். பாதி வழி போகவில்லை.

"உதை நிப்பாட்டடா," என்றார் மணியண்ணை. "எங்கடை பாட்டைப் போடு."