அடித்துத் தூக்கிய வண்டி

எட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். அக்கா புருஷனின் பழைய காரை வாங்கிய வகையில் மூட்டை தூக்குகிறவன் வைத்திருந்த பாக்கி அது. அந்த மனுஷர் ஒருநாளும் வாய் திறந்து கேட்டதில்லை. சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் என்று வந்ததும் கேட்டுவிட்டார்.

பணத்துக்கு வழியில்லை. ஆஸ்பத்திரிக்காவது அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் விடுவதாக வாக்குக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் வண்டியின் லட்சணம் ஞாபகம் வந்தது.

மெக்கானிக் வண்டியின் பின் மூலையை அமுக்கிக் கையை எடுத்தார். நல்ல வண்டி ஒரு தரம் எழும்பி நின்றுவிடும். இது மாமியார் பேச்சுக்குத் தலையாட்டும் மருமகனைப் போல ஆடிக்கொண்டே இருந்தது. குனிந்து பார்த்தார். ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கியிருந்தது.

"ரெண்டும் செத்துப்போச்சுப்பா. மாத்தணும்."

அவர் சொன்ன விலைக்கு இன்னொரு ஆபரேஷனே செய்யலாம்.

அவனுக்குத் தெரிந்த வைத்தியம் பாரம்தான். டிக்கியில் இரண்டு மணல் மூட்டை ஏற்றினான். ஆட்டம் அடங்கியது, ஆனால் வண்டி உட்கார்ந்து, குழிக்குக் குழி அடி தட்டியது. அதை நிமிர்த்த, ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே பழைய டயரை வெட்டிச் சம்மட்டியால் அடித்துத் திணித்தான். நிமிர்ந்தது. மூட்டையை இறக்கி ஓட்டிப் பார்த்தான். தீக்குச்சி மேல் ஏறினாலும் தலை கூரையில் இடித்தது. டயரைப் பிடுங்கப் பார்த்தான், அசையவில்லை. அதற்குள் மச்சான் பையோடு வந்து நின்றார்.

வழியெல்லாம் பின் சீட்டில் அவர் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். முன் சீட்டிலிருந்த அக்கா தம்பியை முறைத்தபடியே வந்தாள்.

"பாக்கிக்குப் பயந்து ஆளையே முடிச்சிரலாம்னு பாக்குறியா மாப்ள?"

"இன்னும் ஒரே குழிதான் மச்சான்."

அந்த ஒரே குழி, மற்றதற்கெல்லாம் அப்பன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவர் நேரே கழிவறைக்கு ஓடினார்.

மறுபடி ஸ்கேன் படம் எடுத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டார். அவன் திட்டு வாங்கத் தலையைக் குனிந்தான்.

"அடைச்சிருந்த கல்லு தானா வெளிய வந்துருச்சு. ஆபரேஷன் வேண்டாம்."

மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தி வைக்கத்தானே பணம் கேட்டேன். இனி எனக்கு எதுக்கு? கணக்கு தீந்துச்சு மாப்ள."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூலி வந்ததும் முதல் வேலையாகப் புது ஷாக் அப்சார்பர் போட்டு, இனி மச்சானைப் பூப்போலக் கொண்டுபோவதாகச் சொன்னான்.

அக்கா புதுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவசரப்படாதடா. இடது பக்கத்துல இன்னொண்ணு இருக்காம்."