நிலத்தடிச் சித்தரின் ஆயிரம் ஆண்டு அம்மன்

2024ஆம் ஆண்டு ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, அரியலூரில் வணிக வளாகம் கட்டவிருந்த மனையில் ஓர் அம்மன் சிலை வெளிப்பட்டது. கட்டடம் எழுமுன், அங்கே பழம்பொருள்கள் உள்ளனவா என்று தொல்லியல் ஆய்வாளர் அபிநயா குழி வெட்டி ஆராய்ந்துவந்தார். அதுவரை அவருக்குக் கிடைத்தவை பானை ஓடுகள். வேடிக்கை பார்க்க வந்த நல்லுசாமிக்கோ குழியில் இறங்கியதுமே முழு அம்மன் கிடைத்தாள். செந்துறை பஸ்ஸில் தாயத்து விற்றுவந்தவர், நண்பகலுக்குள் நிலத்தடிச் சித்தர் ஆனார்.

"ஆயிரம் வருசமா ஆத்தா இங்கதான் படுத்திருக்கா. கனவுல வந்து என்னையக் கூப்பிட்டா!"

ஆயிரம் ஆண்டு பொறுத்தவள், வேறொருவர் குழி வெட்டித் தரும்வரை காத்திருந்தது சிக்கனமே.

வெள்ளிக்கிழமை, கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் புறப்பட்ட பக்தர்களும் இங்கேயே இறங்கிவிட்டார்கள். காணிக்கை தந்தோருக்குக் குழி மண் பொட்டலமாயிற்று. கரைத்துக் குடித்தால் நோய் தீருமாம். எந்த நோய் என்று சொல்லவும் தேவையில்லையாம்.

மஞ்சள் காமாலை கண்ட மகள் மலர்க்கொடியைப் பஞ்சவர்ணம் மருத்துவமனையிலிருந்து நேரே இங்கே அழைத்துவந்திருந்தார். மாத்திரை நின்றது, மண் தண்ணீர் தொடங்கியது. அந்தப் பெண்ணால் நிமிர்ந்து உட்காரவும் இயலவில்லை.

"ஆஸ்பத்திரிக்கே திரும்பக் கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார் அபிநயா.

"ஆயிரம் வருசத்து மண்ணுன்னு சாமி சொல்றாருங்க. நீங்கதான் பழசு பாக்குறவங்களாச்சே, பாத்துச் சொல்லுங்க."

அபிநயா சித்தரிடம் திரும்பினார். "ஆத்தாவுக்கு அடியில யாரும் கை வைக்கலியே?"

"காத்துகூடப் படல. சத்தியம்!"

"அப்ப அடியில கெடக்குறது எல்லாம் ஆத்தாவுக்கும் முந்தினது. சரிதானுங்களே?"

"சரியாச் சொன்னீங்கம்மா!" சித்தர் மகிழ்ந்தார்.

அபிநயா சிலையின் பக்கத்து மண்ணைக் கொத்துக்கரண்டியால் செங்குத்தாகச் சீவினார். சிலைக்கு நேர் கீழே, கசங்காமல், ஒரு ஷாம்பு பாக்கெட் கிடந்தது. தயாரித்த மாதம்: மே, 2024.

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. சித்தர் மட்டும் அசரவில்லை.

"ஆத்தா தலைக்குக் குளிச்சிருக்கா."

"படுக்குறதுக்கு முன்னயா, எந்திரிச்சப்பறமா சாமி?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு குழியைச் சுற்றி வந்தது.

பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை. சித்தரின் துண்டைப் பிடித்து இழுத்தார். "பாவி, எம்புள்ளைக்கு எதைக் கரைச்சுக் குடிக்கக் குடுத்த?"

இம்முறை ஆத்தாவின் கனவுக்குக் காத்திருக்க நேரமில்லை. சித்தர் துண்டை விட்டுவிட்டு ஓடினார். கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தெருமுனையில் நின்ற காவலர் பிடித்தனர்.

முடிவானவை இவை. மலர்க்கொடி அன்றே மருத்துவமனையில் மீண்டும் சேர்க்கப்பட்டாள். சிலை காவல் நிலையத்துக்குப் போயிற்று. ஆய்வு முடிந்தபின்பே கட்டட வேலை தொடங்கும். அதுவரை குழிக்குள் இறங்க விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சிந்திக்க அனுமதி தேவையில்லை. ஆயினும் அதற்கு இன்னும் கூட்டம் சேரவில்லை.