குரங்கு மூளைக்கு நான் செய்த மரியாதை

தெரியாத விஷயத்தில் மனிதன் அதிகம் உளறுவதில்லை. தெரிந்ததாக நினைக்கும் விஷயத்தில்தான் உளறுகிறான். நான் விழுப்புரத்தில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன்.

என் மருமகள் மலர்விழி திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அவள் வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவதா என்று தாளாளர் முடிவு செய்வதாக இருந்தார். நானும் போனேன். (யாரும் கூப்பிடவில்லை.) பழைய வாத்தியார் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி வீட்டில் இருந்தது.

மலர் இணையத்தில் ஒரு மூளை வரைபடத்தைத் திறந்தாள். திரையில் அருகருகே மூன்று கட்டங்களில் மூன்று விலங்குகளின் மூளைகள். எது எதனுடையது என்று அவள் சொன்னபோது நான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் என் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஒன்றில் பார்வைப் பகுதியைத் தொட்டாள். மற்ற இரண்டிலும் அதே பகுதி ஒளிர்ந்தது. ஃபார்மலின் ஜாடியில் தவளையோடு காலம் தள்ளியவன் நான். வாயைப் பிளந்தேன். பிளந்த வாய் சும்மா இருக்கவில்லை.

எழுந்து போய் நடுவில் இருந்ததைக் காட்டினேன். "பிள்ளைங்களா, இதான் மனுஷ மூளை! இன்னா மடிப்பு பாருங்க! குரங்குக்கு வருமா இது?" வலப்பக்கம் இன்னும் அதிக மடிப்போடு இருந்ததை டால்பின் என்று அறிவித்தேன்.

"மாமா, நடுவுல இருக்கறதுதாங்க குரங்கு. கீழ அளவுக்கோடு இருக்குது பாருங்க," என்றாள் மெதுவாக.

"முப்பது வருஷமா வரைஞ்சிக்கினு இருக்கேன். நீ உட்காரும்மா!"

தாளாளர் புருவத்தைத் தூக்கினார். "இன்னாம்மா, உனக்கே குழப்பமா?"

மலர் கணினிப் பக்கம் திரும்பினாள்.

தவளையோ முயலோ, ரெக்கார்டு நோட்டில் பக்கம் நிறைய வரையாவிட்டால் மதிப்பெண்ணை வெட்டியவன் நான். அந்த இணையதளமும் மூன்று மூளைகளையும் கட்டம் நிறையக் காட்டியிருந்தது; உண்மையான அளவைச் சொன்னது கீழே இருந்த சின்னக் கோடு மட்டும்தான். என் கண் பழக்கதோஷத்தில் ஏமாந்தது.

மலர் உட்காரவில்லை. ஒரு பொத்தானை அழுத்தி மூன்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தாள். முதலில் இருந்த எலி மூளை மல்லாட்டை (வேர்க்கடலை) பருப்பாகச் சுருங்கியது. என் 'மனுஷ மூளை' எலுமிச்சம்பழம் ஆனது. 'டால்பின்' மட்டும் கம்பீரமாக நின்றது. அதுதான் மனிதன்.

வகுப்பே சிரித்தது.

"சிரிக்காதீங்க. கட்டத்துல பெருசா தெரிஞ்சா நீங்களும் இதத்தான் சொல்லியிருப்பீங்க," என்று அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடர்ந்தாள். நான் நடத்திய எந்த வகுப்பும் அப்படி இருந்ததில்லை.

தாளாளர் கிளம்பும்போது சொன்னார்: "மாமனாரையே சமாளிச்சிட்ட. பசங்க எம்மாத்திரம்? வேல உனக்குத்தாம்மா."

பேருந்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா. அடுத்த தபா கண்ணாடி எடுத்துக்கினு வாங்க," என்றாள்.

இப்போதும் வீட்டில் நான் பழைய பெருமையை ஆரம்பித்தால், பேத்தி கேட்கிறாள்: "தாத்தா, அளவுக்கோடு எங்க?"

நான் உட்கார்ந்துவிடுகிறேன்.