மாமாவின் ஸ்கூட்டரில் சாம்பல் ஏற்றிய கதை

பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே நடத்துவோம். நான் கல்லூரியில் வெப்பவியல் நடத்துகிறவள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு. நெல்லித்தோப்பில் புகுந்த வீட்டு மாடியில் அத்தை தம் பிரியாணி போட்டிருந்தார். அண்டா மூடிமேல் கொட்டிய கொட்டாங்கச்சிக் கங்கு, சாப்பிட்டு முடிப்பதற்குள் வெள்ளைச் சாம்பலாகியிருந்தது. தேங்காய்த்திட்டிலிருக்கும் என் அம்மா கத்திரிச் செடிப் பூச்சிக்குச் சாம்பல் கேட்டிருந்ததால் சாக்கை எடுத்தேன்.

“நாளைக்கு எடுத்துக்கம்மா. உள்ள கனல் இருக்கும்,” என்றார் அத்தை.

“அதெல்லாம் ஆறிப்போச்சு அத்தை. எரியறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல,” என்று மேல் சாம்பலில் விரலை வைத்துக் காட்டினேன். (நீறு பூத்த நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் நான் எழுதாத கட்டுரையே கிடையாது.)

மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்ற மகனுக்கே தராத புது ஸ்கூட்டரின் சாவியை என்னிடம் கொடுத்தார். “தூஸ்மா, தூஸ்மா... மெதுவா போம்மா.” எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியைக் கீறல் இல்லாமல் திருப்பித் தந்துவிட்டால் இந்த வீட்டில் என்னை அசைக்க ஆளில்லை.

சாக்கைக் காலடியில் வைத்துக் கிளம்பினேன். பாதி வழியில் பாதம் சுட்டது. வெயில் என்று நினைத்தேன். புகை நாறியது, தெருவில் குப்பை கொளுத்தும் ஜனங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து கத்தினார்: “யம்மா, உன் வண்டிதாம்மா எரியுது!”

நிறுத்தி, பதறிச் சாக்கைத் தூக்கினேன். அடி பிய்ந்து, செக்கச்செவேலென்று கங்கு வண்டிமேலேயே கொட்டியது. சாம்பல் போர்வையாக மூடி உள்சூட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் அதைக் கிளறி அள்ளி, காற்றில் ஓட்டி, நன்றாக ஊதிவிட்டிருக்கிறேன். (திங்கட்கிழமை நான் நடத்த வேண்டிய பாடமே அதுதான்.) அழுகை வந்துவிட்டது.

துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்த மீன்கார அக்கா, பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்.

“இன்னாமா படிச்சிருக்க நீ?”

“தெர்மல் இன்ஜினியரிங்க்கா.”

“அதான்,” என்றார்.

மாலையில் மீன் நாற்றத்தோடு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கால் வைக்கும் இடத்தில் ஊத்தப்பம் அளவுக்கு ஓட்டை. மாமா குனிந்து பார்த்தார். அதன் வழியே தரை தெரிந்தது. “மோன் தியூ... கடவுளே,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இனி ஜென்மத்துக்கும் சாவி கிடைக்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த ஓட்டையை அவர் அடைக்கவே இல்லை. பாரீசிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறார்: “எங்க மருமக வெச்ச ஜன்னல்!” ஆனால் சாவி கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறார், கூடவே ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும்.

“வெயிலுக்குக் குடிக்கவா மாமா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உனக்கில்லம்மா. வண்டிக்கு.”